ஜப்பானில் அடுத்தடுத்து நிலநடுக்கம்: பெரியது வரப்போகிறதா? தங்கையை ஒசாகாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி இது: "என் தங்கைக்கு ஒசாகாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக ஜப்பானில் ஒன்று மாற்றி ஒன்று நிலநடுக்கம் வந்துகொண்டே இருக்கிறது. முப்பது வருடத்துக்குள் பெரிய நிலநடுக்கம் வர 80 சதவீதம் வாய்ப்பு என்று அவர்களுடைய அரசாங்கமே சொல்கிறதாம். அம்மா ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். இந்தச் சின்னச் சின்ன நடுக்கங்கள் பெரியதற்கு அறிகுறியா? இல்லை, பூமிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றனவா?"

தங்கை போகட்டும். அம்மாவின் பயமும் வீண் பயம் இல்லை. பெரிய நிலநடுக்கம் என்றாவது ஒருநாள் கட்டாயம் வரும். எப்போது என்று ஜப்பான்காரர்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் சொன்ன அந்த 80 சதவீதம் பார்ப்பதற்குத்தான் உறுதியான எண் மாதிரி இருக்கும், அடித்தளம் ரொம்ப மெலிசு. அதைவிட உறுதியான எண்கள் வேறு இருக்கின்றன: நடுக்கம் வந்தபிறகு அலை கரையைத் தொட எத்தனை நிமிடம், குடியிருக்கும் கட்டடம் எந்த வருடத்தது, எத்தனையாவது மாடி. தங்கைக்குப் பயன்படப்போவது இவைதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நிலத்தடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஜப்பான் நான்கு புவித்தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து பசிபிக் தட்டு வருடத்துக்கு 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்து வந்து, வடகிழக்கு ஜப்பானுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது. தெற்கிலிருந்து பிலிப்பைன் கடல் தட்டு வருடத்துக்கு 4, 5 சென்டிமீட்டர் வேகத்தில் வந்து, ஷிகொக்கு தீவுக்கும் ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் கீ (Kii) தீபகற்பத்துக்கும் அடியில் இறங்குகிறது. இந்த இரண்டாவது தட்டு இறங்கும் இடம்தான் நான்காய் அகழி (Nankai என்பது பெயர், எண் இல்லை; அகழி என்றால் கடலடிப் பள்ளம்). ஷிசுவோகா பக்கத்துச் சுருகா விரிகுடாவில் தொடங்கி, கியூஷு தீவுக்குக் கிழக்கே ஹியூகா நாடா என்ற கடல்பகுதிவரை சுமார் 700 கிலோமீட்டர் நீளம். "பெரியது" என்று எல்லோரும் பயப்படுவது இங்கே வரப்போவதைத்தான்.

இறங்கும் தட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டால் பிரச்சினையே இல்லை. மேல்தட்டோடு உராய்ந்து அது சிக்கிக்கொள்கிறது. கனமான மர பீரோவைத் தரையில் தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். தள்ளத் தள்ள அசையாது, திடீரென்று ஒரு முழம் எகிறி நகரும். அந்தக் கதைதான் இது. சிக்கியிருக்கும் காலமெல்லாம் மேல்தட்டின் விளிம்பு கீழ்நோக்கி இழுபட்டு வளைகிறது. பிடி விட்டதும் அது துள்ளி எழுந்து, மேலே இருக்கும் கடல்நீரையும் சேர்த்துத் தூக்குகிறது. அதுதான் சுனாமி. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வந்தது இதே வகைதான். சுமத்ரா, அந்தமான் பக்கத்தில் இந்தியத் தட்டு இறங்கும் இடத்தில் பிடி விட்டது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலை நம் கரைக்கு வந்தது.

சரி, இந்த இரண்டு வருடத்து நடுக்கங்களை எடுத்துக்கொள்வோம். செய்தியில் எல்லாமே "ஜப்பானில் நிலநடுக்கம்" என்று ஒரே தலைப்பில் வருவதால் ஒரே தொடர்கதை மாதிரி தெரிகிறது. உண்மையில் ஒவ்வொன்றின் காரணமும் வேறு.

2024 ஜனவரி 1, மாலை 4:10. புத்தாண்டுக்குக் குடும்பங்கள் ஒன்றுகூடியிருந்த நேரத்தில் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 ரிக்டர் அளவில் நடுக்கம். (நில அதிர்வு ஆய்வாளர்கள் ரிக்டர் அளவுகோலைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நம் செய்திகளில் அந்தப் பெயர்தான் பழகியிருப்பதால் விட்டுவிடுகிறேன்.) வாஜிமா நகரத்தின் பழைய சந்தைத் தெரு தீயில் எரிந்தது. கடற்கரை சில இடங்களில் 4 மீட்டர்வரை மேலே எழும்பியதில் மீன்பிடித் துறைமுகங்கள் தண்ணீரில்லாமல் வறண்டு நின்றன. ஆனால் நோட்டோ இருப்பது ஜப்பானின் மறுபக்கம், மேற்குக் கரையில். அகழி எதுவும் அங்கே பக்கத்தில் கிடையாது. ஆழத்திலிருந்து மேலேறி வந்த நீர் பாறைப் பிளவுகளுக்குள் புகுந்து அவற்றை வழுக்க வைத்தது என்று கருதுகிறார்கள். 2020 கடைசியிலிருந்தே அங்கே குட்டி நடுக்கங்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. 2023 மே மாதம் 6.5, அப்புறம் புத்தாண்டு அன்று இது.

2024 ஆகஸ்ட் 8-ல் ஹியூகா நாடாவில் வந்த 7.1 வேறு ரகம். அது நான்காய் அகழியின் மேற்கு முனையிலேயே, தட்டுகள் சிக்கியிருக்கும் பரப்பிலேயே நடந்தது. சேதம் பெரிதாக இல்லை. ஆனாலும் ஜப்பான் வானிலை முகமை நிபுணர்களைக் கூட்டி, அன்று மாலையே "பெரும் நிலநடுக்க எச்சரிக்கைக் குறிப்பு" ஒன்றை வெளியிட்டது. அந்த ஏற்பாடு வந்தபிறகு அப்படி ஒரு குறிப்பு வெளியானது அதுவே முதல் தடவை. பிரதமர் கிஷிடா மத்திய ஆசியப் பயணத்தை ரத்து செய்தார். ஷின்கான்சென் அதிவேக ரயில்கள் சில பகுதிகளில் வேகத்தைக் குறைத்து ஓடின. முன்னோரை வழிபடும் ஓபோன் விடுமுறை நேரம் வேறு, சில கடற்கரைகளையே மூடிவிட்டார்கள். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

2025 ஜூன் 21-க்குப் பிறகு டொக்காரா தீவுகளில் வாரக்கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்கள். அகுசெகிஜிமா என்ற குட்டித் தீவிலிருந்து பலர் கப்பலேறி ககோஷிமாவுக்குப் போய்த் தங்கினார்கள். அதே நேரத்தில் ஒரு பழைய மங்கா சித்திரக்கதையைக் காட்டி "ஜூலை 5-ல் பேரழிவு" என்று புரளி கிளம்பியது. ஹாங்காங்கிலிருந்து ஜப்பானுக்குப் பயணிகள் குறைந்து, விமானங்களையே குறைக்கும் அளவுக்குப் போயிற்று. ஜூலை 5 வந்தது, போனது. ஆனால் டொக்காராவில் வீடு குலுங்கிக் குலுங்கித் தூக்கமில்லாமல் கிடந்தவர்களைப் பற்றி எழுதியதைவிட இந்தப் புரளியைப் பற்றித்தான் உலகம் முழுக்க அதிகம் எழுதினார்கள். இன்றுவரை எனக்கு அதில் எரிச்சல்தான்.

அதே ஜூலை 30-ல் ரஷ்யாவின் கம்சட்கா பக்கம் 8.8. அதுவும் பசிபிக் தட்டு இறங்கும் இடம்தான், ஆனால் ஜப்பானுக்கு வெகு வடக்கே. ஜப்பான் முழுக்கப் பசிபிக் கரையில் சுனாமி எச்சரிக்கை விட்டு ஏறத்தாழ 20 லட்சம் பேரை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். வந்த அலை ஒன்றரை மீட்டரைத் தொடவில்லை.

அப்புறம் 2025 டிசம்பர் 8, இரவு 11:15. ஆவோமோரிக் கடலில் 7.5. இது பசிபிக் தட்டு இறங்கும் வடகிழக்குப் பகுதி, 2011 பேரழிவு நடந்ததற்குச் சற்று வடக்கே. இதற்கும் ஓர் எச்சரிக்கை ஏற்பாடு உண்டு, 2022 டிசம்பரில் தொடங்கியது. அதன்படி முதல் தடவையாக ஹொக்கைடோவிலிருந்து சிபாவரை கடலோர மாவட்டங்களில் "இன்னும் ஒரு வாரம் கவனமாக இருங்கள், இதைவிடப் பெரியது வரக்கூடும்" என்று அறிவித்தார்கள். நான்கு நாள் கழித்து 6.9 ஒன்று வந்தது. 8-ஐத் தாண்டி எதுவும் வரவில்லை.

ஆக நோட்டோ ஒரு கதை, ஹியூகா நாடா ஒரு கதை, ஆவோமோரி ஒரு கதை. தங்கை போகும் ஒசாகாவுக்கு நேரடியாகப் பொருந்துவது ஹியூகா நாடாவில் வந்தது மட்டும்தான்.

இனி உங்கள் இரண்டு கேள்விகளில் சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். சின்ன நடுக்கங்கள் அழுத்தத்தைக் கரைத்துவிடுமா? கரைக்காது. இது வெறும் கணக்கு. நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும், இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. 9 அளவில் வரவேண்டிய ஒன்றைச் சில்லறையாகக் கழிக்க வேண்டுமென்றால் 7 அளவில் ஆயிரம் நடுக்கங்கள் வந்தாக வேண்டும். 5 அளவில் என்றால் பத்து லட்சம். டொக்காராவில் ஆயிரக்கணக்கில் வந்ததெல்லாம் சேர்த்தாலும் பெரியதன் ஓரத்தைக்கூடத் தொடாது, அது இடமும் வேறு.

அறிகுறியா என்ற கேள்விதான் கஷ்டம். சில சமயம் ஆம். 2011 மார்ச் 9-ல் வடகிழக்குக் கரையை ஒட்டிய சான்ரிக்குக் கடலில் 7.3 வந்தது. சின்னதாய்ச் சுனாமியும் வந்தது, பெரிய சேதம் இல்லை, ஜனங்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 11 பகல் 2:46-க்கு அதற்குப் பக்கத்திலேயே 9.0. ஏறத்தாழ 15,900 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. மார்ச் 9-ல் வந்தது முன்னோடி என்று மார்ச் 11-ல்தான் தெரிந்தது. சிக்கல் அங்கேதான். முன்னோடி நடுக்கத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால் மற்ற நடுக்கங்களைப் போலவேதான் இருக்கும், தனி அடையாளம் எதுவும் அதில் ஒட்டியிருக்காது.

அதனால் எண்ணிக்கையை வைத்துத்தான் பேச முடிகிறது. உலகம் முழுக்க நூறு வருடப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்ததில், 7-க்கு மேல் ஒன்று வந்தபின் ஒரு வாரத்துக்குள் 8-க்கு மேற்பட்டது பக்கத்தில் வருவது மிக அபூர்வம். வடக்குப் பகுதி எச்சரிக்கையில் இதை நூறில் ஒன்று என்கிறார்கள், நான்காய்க் குறிப்பில் சில நூறில் ஒன்று என்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் செருப்பைக் கட்டில் பக்கத்தில் வைத்துத் தூங்கு, பை தயாராக இருக்கட்டும், வழக்கம்போல வேலைக்குப் போ என்பதுதான் அறிவிப்பின் சாரம். நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் நடக்காது என்று தெரிந்தே விடும் எச்சரிக்கை அது. இதை மக்களுக்குப் புரியவைக்க அரசாங்கம் திணறுகிறது. "அன்றைக்குச் சொன்னார்கள், ஒன்றும் வரலையே" என்ற பேச்சு அங்கேயும் உண்டு. என்னைக் கேட்டால் இந்த ஏற்பாடு சரியானது. 2011 மார்ச் 9-க்கும் 11-க்கும் நடுவில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேர் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள்!

நிலத்தில் வரும் நடுக்கத்திலும் இந்தப் பொறி உண்டு. 2016 ஏப்ரல் 14 இரவு கியூஷு தீவின் குமமோட்டோவில் 6.5. பலர் வெளியே தங்கிவிட்டு, "பெரியது வந்து முடிந்தது, இனிமேல் பின்னதிர்வுதான்" என்று வீடு திரும்பினார்கள். 28 மணி நேரத்தில் 7.3. முதல் நடுக்கத்தில் பலவீனப்பட்ட வீடுகள் உள்ளே தூங்கியவர்கள்மேல் விழுந்தன. அதற்குப் பிறகு வானிலை முகமை "பின்னதிர்வு" என்று சொல்வதைக் குறைத்துவிட்டு, "இதே அளவு நடுக்கம் இன்னும் வரலாம்" என்று சொல்லத் தொடங்கியது. தங்கையிடம் இதைச் சொல்லிவையுங்கள்: முதல் குலுக்கலில் சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்குள் அன்றிரவு போய்ப் படுக்கக்கூடாது.

இனி அந்த 80 சதவீதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் ஜப்பானிலேயே குறைவு.

ஷிகொக்கு தீவின் தென்கிழக்கு நுனியில் முரோட்டோ முனை. அதன் பக்கத்தில் முரோட்ஸு என்று ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம், பாறையைக் குடைந்து கட்டியது. நான்காய் அகழியில் ஒவ்வொரு பெரிய நிலநடுக்கம் வரும்போதும் அந்த நிலம் சட்டென்று மேலே எழும், துறைமுகத்தின் ஆழம் குறைந்து படகுகள் உள்ளே வரத் திண்டாடும். எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) துறைமுகத்தைப் பார்த்துக்கொண்ட குடும்பம் இந்த ஆழத்தை அளந்து எழுதிவைத்திருந்தது. அந்தக் குறிப்புகளிலிருந்து கிடைத்த கணக்கு: 1707-ல் 1.8 மீட்டர் எழுந்தது, 1854-ல் 1.2 மீட்டர், 1946-ல் 1.15 மீட்டர். 1707-ல் பெரிதாகத் துள்ளியது, அடுத்தது வர 147 வருடம் ஆயிற்று. 1854-ல் குறைவாகத் துள்ளியது, 92 வருடத்திலேயே அடுத்தது வந்துவிட்டது. நிறையக் கழித்தால் மறுபடி சேர அதிக காலம் பிடிக்கும் என்பது யோசனை. அப்படியானால் 1946-ன் 1.15 மீட்டருக்கு? ஏறத்தாழ 88 வருடம் என்று கணக்கு வந்தது. 1946-ஓடு 88-ஐக் கூட்டுங்கள், 2034. அதை வைத்துத்தான் முப்பது வருடத்துக்குள் 70, 80 சதவீதம் என்ற எண் பிறந்தது. 2025 ஜனவரியில் அதையே "சுமார் 80" என்று உயர்த்தினார்கள்.

ஒரே ஒரு துறைமுகம், மூன்றே மூன்று அளவுகள். அந்தக் காலத்தில் கயிற்றை விட்டு அளந்த ஆழம், அளந்த நாளில் அலை ஏற்றமா இறக்கமா, நடுவில் துறைமுகத்தைத் தோண்டி ஆழப்படுத்தினார்களா என்றெல்லாம் கேட்கத் தொடங்கினால் எண் ஆட்டம் காண்கிறது. அதோடு, ஜப்பானின் மற்ற நிலநடுக்கப் பகுதிகளுக்கெல்லாம் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை, நான்காய்க்கு மட்டும்தான். மற்ற இடங்களுக்குப் போடும் வழக்கமான கணக்கைப் போட்டால் 20 சதவீதம்தான் வருகிறது என்று நிபுணர்களே 2013 வாக்கில் அரசின் குழுவுக்குள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில் அரசின் ஆய்வுக் குழு கணக்கைத் திருத்தியது. இப்போது இரண்டு விடை தருகிறார்கள்: முரோட்ஸு முறைப்படி 60 முதல் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல், வழக்கமான முறைப்படி 20 முதல் 50 சதவீதம். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால், "வரும், எப்போது என்று தெரியாது" என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தேர்வெழுதிய பையன் 20-லிருந்து 90-க்குள் மதிப்பெண் வரும் என்று சொன்னால் வீட்டில் சும்மா விடுவார்களா?

இந்த மாதிரி எண்ணுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எண் பெரிதாக இருக்கும் ஊரில் பயம், எண் சின்னதாக இருக்கும் ஊரில் அலட்சியம். குமமோட்டோவை உலுக்கிய பிளவின் பகுதிக்கு முன்னதாகக் கொடுத்திருந்த முப்பது வருட வாய்ப்பு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அரசின் அபாய வரைபடத்தில் நோட்டோவும் அபாயம் குறைந்த இடமாகத்தான் இருந்தது. மறுபக்கம், 2011-க்கு முன் மியாகிக் கடலில் 7.5 அளவில் வர 99 சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது என்னவோ உண்மை, ஆனால் வந்தது 9. அகழியை ஒட்டிய ஆழமில்லாத பகுதி பெரிதாக நகராது என்று நினைத்திருந்தார்கள், அதுதான் சுமார் 50 மீட்டர் நகர்ந்தது.

இதில் ஒரு பழைய சரித்திரமும் இருக்கிறது. 1976-ல் இஷிபாஷி கட்சுஹிகோ என்ற ஆய்வாளர் ஷிசுவோகா பக்கம் பெரிய நிலநடுக்கம் எந்த நேரமும் வரலாம் என்று எச்சரித்தார். நாடே பதறியது. 1978-ல் அதற்காகவே ஒரு சட்டம் போட்டார்கள்: கருவிகள் முன்குறி காட்டும், உடனே பிரதமர் எச்சரிக்கை விடுவார், ரயிலையும் கடைகளையும் நிறுத்துவார்கள் என்று ஏற்பாடு. ஏறத்தாழ நாற்பது வருடம் காத்திருந்தார்கள். ஷிசுவோகாவில் வரவில்லை. 1995-ல் கோபேயில் வந்து 6,434 பேர் போனார்கள், 2011-ல் வடகிழக்கில் வந்தது. 2017-ல், அப்படி முன்கூட்டிச் சொல்வது சாத்தியமில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு பழைய ஏற்பாட்டைக் கைவிட்டது. உலகத்திலேயே இதற்கு அதிகப் பணமும் கருவிகளும் கொட்டிய நாடு சொன்ன தீர்ப்பு இது. ஆகவே வாட்ஸப்பில் நாள், நேரம் போட்டு வருவதை அம்மாவிடம் காட்டாமல் அழித்துவிடுங்கள்.

இனி ஒசாகா. நான்காய் முழு நீளமும் ஒரே நேரத்தில் உடைந்தால் மிக மோசமான நிலையில் நாடு முழுக்க 2,98,000 பேர்வரை இறக்கலாம் என்று 2025 மார்ச்சில் அரசு மதிப்பிட்டது. அதில் சுனாமியில் மட்டும் 2,15,000. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது, அது செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. உடனே கிளம்பி மேட்டுக்கு ஓடுபவர்கள் 20 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தாலே சுனாமி சாவு 94,000 ஆகக் குறையும். வேறு எந்தச் சுவரும் கட்ட வேண்டாம்.

கோச்சி, வகயாமாவின் தென்கோடி, ஷிசுவோகாவின் சில இடங்களில் முதல் அலை வர இரண்டு, மூன்று நிமிடம்தான். அங்கே குலுக்கல் நிற்பதற்கு முன்பே கடல் புறப்பட்டுவிடும். கோச்சி மாநிலத்தில் குரோஷியோ என்ற சிற்றூருக்கு 34 மீட்டர் அலை வரலாம் என்று 2012-ல் சொன்னபோது ஊரே சோர்ந்துபோனது. அப்புறம் ஊர்க்காரர்கள் அந்த 34-ஐயே வணிகப் பெயராக வைத்து, அவசர காலத்துக்கான டப்பா உணவுத் தொழிற்சாலை நடத்துகிறார்கள்! ஒசாகா விரிகுடா உள்ளே தள்ளி இருப்பதால் அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். நாகப்பட்டினத்துக்கு 2004-ல் இருந்ததும் ஏறத்தாழ இதே அவகாசம்தான். அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை, இங்கே மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஒசாகாவுக்கு என்றே ஒரு பொறி இருக்கிறது: ஆறுகள். தைஷோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு நிற்கிறது, 1855-ல் வைத்தது. 1854 டிசம்பரில் முதல் நாள் ஒரு பெரிய நடுக்கம், சுமார் 32 மணி நேரம் கழித்து இன்னொன்று. வீடு இடிந்துவிடும் என்று பயந்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ஆற்றில் நின்ற படகுகளில் ஏறி உட்கார்ந்தார்கள். சுனாமி ஆற்று வழியே ஏறி வந்து, பெரிய கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் படகுகளை நொறுக்கியது. 1707-லும் இதே மாதிரி படகில் ஏறித்தான் ஏராளமானவர்கள் செத்தார்கள், காலம் போனதில் அது யாருக்கும் நினைவில் இல்லாமல் போயிற்று என்று அந்தக் கல்லிலேயே புலம்பியிருக்கிறார்கள். படிக்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி எழுத்துகளுக்கு வருடாவருடம் மை பூசச் சொல்லியும் எழுதியிருக்கிறது. இன்றும் அந்தப் பகுதி மக்கள் பூசுகிறார்கள்.

இப்போது யாரும் படகில் ஏறப்போவதில்லை. இன்றைய ஒசாகாவில் அதற்கு ஈடானது பூமிக்கடி. உமேதாவில் நிலத்தடிக் கடைத்தெருக்கள் ஊர் மாதிரி பரந்து கிடக்கின்றன, அந்த நகரத்தின் பெரும்பகுதி தாழ்ந்த நிலம். பெரிய குலுக்கல் அடங்கியதும் அங்கிருந்து மேலே வந்து, கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மேல் போய்விடுவது உத்தமம். வீடு பார்க்கும்போதே நகராட்சியின் அபாய வரைபடத்தில் அந்தத் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் உவேமாச்சி மேட்டுப் பக்கம் தண்ணீர் பயம் குறைவு. அந்த மேட்டின் ஓரமாகவே உவேமாச்சி நிலப்பிளவு ஓடுகிறது, அது வேறு கதை. மேட்டுக்குப் போனால் நடுக்கமே வராது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

வீட்டுத் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கட்டட அனுமதி 1981 ஜூனுக்கு முன்பா பின்பா. அந்த மாதம்தான் புதிய நிலநடுக்கத் தரம் வந்தது. மர வீடு என்றால் 2000-க்குப் பிறகு கட்டியதாக இருந்தால் இன்னும் நல்லது. கோபேயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அதிகாலையில் பழைய வீடுகளும் அலமாரிகளும் விழுந்து நசுங்கி இறந்தவர்கள். ஆகவே கட்டிலுக்கு மேலே எதுவும் வேண்டாம், உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். 2018 ஜூன் 18 காலையில் வட ஒசாகாவில் 6.1 வந்தபோது, பள்ளி நீச்சல்குளத்தின் கான்கிரீட் கட்டி மதில் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். நடந்து போகும்போது மதில் ஓரத்தை விட்டு விலகி நிற்கும் பழக்கம் நல்லது.

அடுக்குமாடியில் மேல்தளம் என்றால் வேறு அனுபவம். 2011-ல் 700 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த நடுக்கத்தில், ஒசாகா விரிகுடாவில் இருக்கும் 55 மாடி சகிஷிமா அரசுக் கட்டடம் பத்து நிமிடம் ஊஞ்சலாடியது. உச்சி மாடி மொத்தம் 2.7 மீட்டர் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் போய் வந்தது. கீழே தெருவில் லேசான ஆட்டம்தான். கட்டடம் விழாது, ஆனால் சக்கரம் வைத்த மேசை, ஃபோட்டோகாப்பி இயந்திரம் எல்லாம் ஓடிவந்து ஆளை இடிக்கும். லிஃப்ட் நின்றுவிடும்.

கைபேசி திடீரென்று கரகரவென்று கத்தும், சில ஃபோன்கள் "ஜிஷின் தெசு" (நிலநடுக்கம்) என்று பேசவும் செய்யும். அப்படியென்றால் சில விநாடியிலிருந்து பத்திருபது விநாடிவரை அவகாசம். ஓட நேரமிருக்காது, மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காப்பாற்றினால் போதும். அடுப்பை அணைக்க ஓடாதே என்று சொல்லுங்கள், கேஸ் மீட்டர் பலத்த குலுக்கலில் தானாகவே மூடிக்கொள்ளும். அப்புறம் கேஸ் வரவில்லை என்று பயப்பட வேண்டாம், கசிவு வாசனை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியே மீட்டரில் இருக்கும் பொத்தானை அழுத்திச் சுமார் மூன்று நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மின்சார பிரேக்கரை இறக்கிவிட்டுப் போக வேண்டும். கரண்ட் திரும்பி வரும்போது விழுந்து கிடக்கும் ஹீட்டர் தீப்பிடிப்பதுதான் கோபேயில் பல தீவிபத்துக்குக் காரணம்.

கடைசியாக அம்மாவுக்கு ஒன்று. பெரிய நடுக்கம் வந்தால் ஃபோன் கிடைக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் அடிப்பதால் இணைப்புகளை நிறுத்திவைப்பார்கள். ஃபோன் எடுக்கவில்லை என்றால் தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, இதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வெப்171 (web171) என்று இணையத்தில் பேரிடர்ச் செய்திப் பலகை ஒன்று இருக்கிறது. தங்கை தன் எண்ணின் கீழ் "பத்திரம்" என்று ஒரு வரி போட்டால், நீங்கள் ஊரிலிருந்தே அந்த எண்ணை அடித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதியும் 15-ம் தேதியும் அதைச் சோதித்துப் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். தங்கை அங்கே போன முதல் மாதமே ஒரு தடவை அம்மாவையும் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள்.